பேண்டேஜ் சுற்றிய கேபிள்

1. மாடியில் ஒரு பெட்டி

“லைட் எரியுதா?” என்று இன்டர்காமில் கேட்டேன்.

“எரியுதுவே. பச்சையும் எரியுது, மஞ்சளும் எரியுது. எல்லாம் பத்திரமா இருக்கு” என்றார் மாடியிலிருந்து மேனேஜர் சுப்பையா.

கீழே பேக்கிங் ஹாலில் என் முன்னால் இருந்த லேப்டாப்பில் எதுவும் வரவில்லை. திரையில் மணல் கடிகாரம் மட்டும் நின்றது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஜெர்மனியிலிருந்து ஓர் அம்மாள் வருவதாக ஏற்பாடு.

தொண்ணூறுகளின் கடைசி அது. ராஜபாளையத்தில் ஒரு சர்ஜிக்கல் பேண்டேஜ் தொழிற்சாலையில் நான் கம்ப்யூட்டர் செக்ஷன் இன்சார்ஜ். செக்ஷன் என்றால் நானும், ஒரு சர்வரும், இரண்டு கம்ப்யூட்டர்களும், தாள் சிக்குவதையே தொழிலாகக் கொண்ட ஒரு பிரிண்டரும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன்.

இன்றைய லேப்டாப்பில் வயர்லெஸ் உள்ளேயே இருக்கிறது. அன்று அதற்குத் தனியாக ஒரு கார்டு வேண்டும். விசிட்டிங் கார்டைவிடச் சற்றுத் தடிமனான அதைப் பக்கவாட்டில் செருகினால், அதன் கறுப்பு மூக்கு ஓர் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது ரேடியோவில் பேசுவதற்கு இன்னொரு பெட்டி வேறு இடத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஆபீஸுக்கு லேப்டாப், கார்டு, பெட்டி எல்லாம் சிங்கப்பூரில் படித்துத் திரும்பிய சின்ன முதலாளியோடு வந்தவை. பெட்டியை நான் மாடியில் மேனேஜர் அறை ஜன்னலோரம் வைத்து, சர்வரோடு இணைத்திருந்தேன். நேற்றுவரை ஹாலின் மூலை முடுக்கெல்லாம் வேலை செய்தது. இன்று மதியத்திலிருந்து நின்றுவிட்டது.

சின்ன முதலாளி அந்த அம்மாளிடம் கடிதத்திலேயே பெருமை அடித்திருந்தார். ஹாலில் எந்த பேண்டேஜ் பெட்டியைத் தொட்டுக் காட்டினாலும், அந்த லாட் எந்த நூல், எப்போது ஸ்டெரிலைஸ் ஆனது, எந்த மேசையில் பேக் ஆனது என்பதை அந்த இடத்திலேயே, வயர் இல்லாமல் காட்டுவோம் என்பது அவர் வாக்கு. லாட் விவரம் தெரிந்தால் அந்த அம்மாளுக்குப் போதும். வயர் இல்லாமல் என்பது சின்ன முதலாளி தாமாகச் சேர்த்தது.

அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் தீபாவளிக்குப் பிறகு இரண்டாவது ஷிப்டை நிறுத்திவிடுவதென்று பெரிய முதலாளி முடிவு செய்திருந்தார். அதை யாரும் நோட்டீஸாகச் சுவரில் ஒட்டவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முதல் ஷிப்ட் முடிந்து போகிற வழியில் பேக்கிங் சூப்பர்வைசர் செல்லம்மாக்கா என் மேசையருகே நின்றார். வன்னியம்பட்டிக்காரர். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் நாடா கட்டி ஒரு நீளக் கத்தரிக்கோல் தொங்கும்.

“என்ன தம்பி, பொட்டி பேச மாட்டேங்குதா?”

“செத்த நேரத்துல சரியாயிரும் அக்கா.”

“சரியாக்கும். என் மவ ரெண்டாவது ஷிப்ட்டு. அவள வீட்டுல ஒக்கார வெச்சா எங்க ரெண்டு பேருக்கும் தெனம் சண்டதான்.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது ஷிப்ட் பெண் ஒருத்தியின் கையிலிருந்து ஒரு ரோல் நழுவி, அவிழ்ந்துகொண்டே தரையில் ஓடியது. செல்லம்மாக்காவின் ஷிப்ட் முடிந்துவிட்டது. அவருடைய கத்தரிக்கோலின் ஷிப்ட் முடியவில்லை. குனிந்தார். தரை தொட்ட நீளத்தை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்து, சிவப்பு மூடி போட்ட வேஸ்ட் தொட்டியில் போட்டார்.

“ஏட்டி, நாளைக்கு மேசைக்கு வடை.”

அந்தப் பெண் தலையாட்டினாள். தரையைத் தொட்ட துணி பேண்டேஜ் இல்லை, வேஸ்ட். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, பார்த்தவர் வெட்ட வேண்டும். இது கம்பெனி விதி. கீழே விட்டவர் மறுநாள் அந்த மேசைக்கு வடை வாங்க வேண்டும் என்பது செல்லம்மாக்கா விதி. முதல் விதியைவிட இரண்டாவதுக்குத்தான் பெண்கள் பயந்தார்கள்.

2. மகாராஜபுரத்துப் பசு

இரண்டு இணைப்பையும் ஒரே நேரத்தில் போட்டு வைக்கலாம் என்ற யோசனை எனக்கு வந்ததற்கு என் முந்தைய வேலை காரணம். எண்பதுகளில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நாளிதழின் பகுதி நேர நிருபர். மதுரைக்குச் செய்தி அனுப்ப இரண்டு வழி. டிரங்க் கால் போட்டு, கத்திக் கத்திச் சொல்லலாம். அல்லது கவரில் போட்டு மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுக்கலாம். லைன் கிடைக்காமல் போகலாம். கண்டக்டர் கவரை மறந்து டெப்போவுக்குப் போய்விடலாம். அதனால் முக்கியமான செய்தி என்றால் இரண்டு வழியிலும் அனுப்புவேன்.

ஒரு நாள் மகாராஜபுரத்தில் ஒரு பசு கிணற்றில் விழுந்தது. தீயணைப்பு நிலையத்தார் கயிறு கட்டித் தூக்கினார்கள். போனில் சொன்னேன். கவரும் அனுப்பினேன். கவரில் எழுதியபோது நேரம் கிடைத்ததால், பசு சினையாக இருந்ததையும் சேர்த்தேன். மறுநாள் பேப்பரில் மூன்றாம் பக்கத்தில் ஒரு பசு விழுந்திருந்தது. ஐந்தாம் பக்கத்தில் ஒரு சினைப் பசு விழுந்திருந்தது.

மதுரையிலிருந்து செய்தி ஆசிரியர் கூப்பிட்டார். “ஏன்யா, மகாராஜபுரத்துல கெணத்துக்கெல்லாம் சுவரே கெடையாதா?”

இரண்டு வழியும் திறந்திருந்தால் சரக்கு போய்ச் சேர்ந்துவிடும். எந்த வழியில் போனது என்பது அனுப்பியவனுக்குத் தெரியாது. இதில் முதல் பாதியை மட்டும் நான் நினைவில் வைத்திருந்தேன்.

3. ரயிலும் பஸ்ஸும்

அன்று மாலை சின்ன முதலாளி அறையில் மூன்று பேர் உட்கார்ந்தோம். அவர், நான், மேனேஜர் சுப்பையா.

“ஷெட்டுக்குள்ள எம்புட்டு இரும்பு, எம்புட்டு ஈரம். அதான் சிக்னல் செத்துருக்கும்னு நெனைக்கேன்” என்றேன். நேற்றும் அதே இரும்பு, அதே ஈரம்தான் இருந்தது என்பதை நானும் நினைக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

“அப்ப என்ன செய்ய அண்ணாச்சி? வயர் இல்லாமன்னு எழுதியாச்சே.”

“லேப்டாப்புல இன்னொரு துளை இருக்கு. அதுல வயர் கார்டையும் போட்டு, கேபிளையும் மாட்டிருவோம். வயர்லெஸ் கார்டும் இருக்கட்டும். ரெண்டும் இருந்தா ஒண்ணு இல்லாட்டி ஒண்ணு கை கொடுக்கும்.”

சின்ன முதலாளியின் முகம் மலர்ந்தது. “ரெண்டும் போட்டா ரெட்டை வேகமா வருமா?”

பிறகு வந்த வருடங்களில் இந்தக் கேள்வியை நூறு பேராவது என்னிடம் கேட்டிருப்பார்கள். முதலில் கேட்டவர் அவர்தான்.

“ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ரயிலும் இருக்கு, பஸ்ஸும் இருக்கு. ரெண்டுலயும் டிக்கெட் எடுத்தா நான் சீக்கிரம் வீட்டுக்குப் போயிருவேனா? ஏதாவது ஒண்ணுலதான் ஏற முடியும்.”

“எதுல ஏறும்?”

“அத அதுவே முடிவு பண்ணும். நம்மகிட்ட சொல்லாது.”

“எங்க அப்பா மாதிரி” என்றார் சின்ன முதலாளி.

அடுத்த சிக்கல், சர்வருக்குப் போகும் சுவர் பாயின்டிலிருந்து பரிசோதனை மேசைவரை தரையில் போக வேண்டிய சாம்பல் நிறக் கேபிள். வெள்ளை ஹாலில் அது சாரைப்பாம்பு மாதிரி தெரியும். சின்ன முதலாளி ஜன்னல் வழியே ஹாலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நம்மகிட்ட இல்லாத பேண்டேஜா? சுத்திருவோம்.”

இங்கேதான் சுப்பையா உயிர்பெற்றார். அவர் ராணுவத்தில் மருத்துவப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கேபிளின் ஒரு முனையை என் கையில் கொடுத்து இழுத்துப் பிடிக்கச் சொல்லி, முறிந்த காலுக்குக் கட்டுவதுபோலப் பாதி மேல் பாதி படிய, சுருக்கம் இல்லாமல் சுற்றிக்கொண்டே போனார். மறுமுனையில் முடிச்சுப் போட்டுவிட்டு, கேபிளைத் தட்டிக் கொடுத்தார். “நோயாளி பொழச்சுக்குவான்.”

“செல்லம்மாக்காட்ட சொல்லிருவோமா?” என்றேன்.

“வேண்டாம் அண்ணாச்சி. அக்காட்ட சொன்னா வன்னியம்பட்டி பஸ் முழுக்கத் தெரியும்” என்றார் சின்ன முதலாளி. “ஒண்ணு மட்டும். நான் லேப்டாப்பத் தூக்க மாட்டேன். மேசையில வெச்சே காட்டிருதேன். தூக்கினா வயர் சுவர் வரைக்கும் இழுத்துக் குட்டு வெளிப்பட்டுரும்.”

4. இரண்டு வெட்டு

மறுநாள் டீ இடைவேளையில் ஹால் காலியாக இருந்தபோது கேபிளைப் போட்டேன். மேசைக் காலோடு இறங்கி, தரையில் சுவரோரமாக ஓடி, பாயின்டில் ஏறியது. நன்றாகவே இருந்தது. பேண்டேஜ் தொழிற்சாலையில் ஒரு பேண்டேஜ் கிடந்தால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். மற்ற எந்தத் தொழிற்சாலையிலும் அந்த நினைப்பு சரியாக இருந்திருக்கும்.

லேப்டாப்பைத் திறந்து ஒரு லாட் நம்பர் அடித்தேன். உடனே வந்தது. கேபிள் வேலை செய்கிறது என்று நிம்மதி அடைந்தேன்.

ஜெர்மன் அம்மாள் சொன்ன நேரத்துக்கு வந்தார். உயரம், நரைத்த குட்டை முடி, கேள்வி குறைவு, பார்வை அதிகம். தலைக்கு உறை, காலுக்கு உறை மாட்டிக்கொண்டு ஹாலுக்குள் நுழைந்தார். செல்லம்மாக்காவின் பெண்கள் நிமிராமல் ரோல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சின்ன முதலாளி அவரைப் பரிசோதனை மேசைக்கு அழைத்துப் போனார். நான் தூண் ஓரமாக நின்றேன். சுப்பையா சால்வையும், நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வாங்கி வந்த பால்கோவாவும் ஏந்தியபடி வாசலில் நின்றார்.

சின்ன முதலாளி லாட் பற்றி விளக்கம் சொல்லத் தொடங்கினார். அப்போது செல்லம்மாக்கா மேசைகளுக்கு நடுவே ஒரு சுற்று வந்தார். சுவரோரம் வந்ததும் நின்றார். கீழே பார்த்தார்.

முதலாளி பக்கத்தில் வெளிநாட்டுக்காரர் நிற்கும்போது நான் ஹாலின் குறுக்கே ஓட முடியாது. கையை மட்டும் ஆட்டினேன். செல்லம்மாக்கா அதைப் பார்த்தார். அங்கே கிடக்கிறது, எடுங்கள் என்று நான் காட்டிக் கொடுப்பதாக எடுத்துக்கொண்டு, எனக்கு ஒரு தலையசைப்பைத் தந்தார். குனிந்தார். மேசைக் காலருகே ஒரு வெட்டு. கத்தரிக்கோல் ஒரு கணம் நின்றது. அவர் இரண்டு கையாலும் அழுத்தினார். பிறகு சுவரருகே ஒரு வெட்டு. தரையில் கிடந்த நீளம் முழுவதையும் சுருட்டி, சிவப்பு மூடித் தொட்டியில் போட்டுவிட்டு நடந்தார்.

மேசையில் ஜெர்மன் அம்மாள் ஒரு பெட்டியைத் தொட்டுக் காட்டினார். சின்ன முதலாளி நம்பரை அடித்தார்.

இரண்டாவது ஷிப்ட் அந்த நம்பரோடு முடிந்தது என்று நான் நினைத்தேன்.

திரையில் விவரம் வந்தது. நூல், ஸ்டெரிலைசர், மேசை எண், எல்லாம்.

இன்னொரு பெட்டி. அதுவும் வந்தது. கேபிளில் இருபது அடி வேஸ்ட் தொட்டியில் கிடக்க, விவரம் வந்துகொண்டே இருந்தது. தூணில் சாய்ந்துகொண்டேன்.

அப்போது அந்த அம்மாள், ஹாலின் மறுகோடியில் ஸ்டெரிலைசர் வாசலில் அடுக்கியிருந்த பெட்டிகளைக் காட்டி, லேப்டாப்பை அங்கே கொண்டுவர முடியுமா என்று கேட்டார்.

சின்ன முதலாளி என்னைப் பார்த்தார். கேபிள் போன கதை அவருக்குத் தெரியாது. தூக்குங்கள் என்று தலையாட்டினேன். அவர் கண்ணாலேயே என்னைத் திட்டினார். மறுபடி தலையாட்டினேன். பல் டாக்டரிடம் வாயைத் திறக்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு லேப்டாப்பைத் தூக்கினார். எதுவும் இழுக்கவில்லை. அதில் அவருக்கு வந்த தைரியம் நடையில் தெரிந்தது. பின்னால் ஒரு முழம் பேண்டேஜ் வால் மாதிரி ஆடிக்கொண்டு போனதை அவர் மட்டும் பார்க்கவில்லை.

ஸ்டெரிலைசர் வாசலில் அடித்த நம்பருக்கும் விவரம் வந்தது.

ஜெர்மன் அம்மாள் திரையைப் பார்த்தார். வாலைப் பார்த்தார். பிறகு திரும்பி நடந்து, சிவப்பு மூடித் தொட்டியைக் காலால் திறந்து, உள்ளே இருந்ததை வெளியே எடுத்தார். வெள்ளைச் சுற்றுக்குள்ளிருந்து எட்டு நிற வயர்களின் செம்பு நுனிகள் எட்டிப் பார்த்தன. செல்லம்மாக்கா வெட்டும்போதே அவர் பார்த்திருக்கிறார்.

சின்ன முதலாளி அப்போதுதான் தம் கையிலிருந்து தொங்குவதைக் கவனித்தார். பெண்கள் ரோல் சுற்றுவதை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

இதை ஏன் வெட்டினீர்கள் என்று அந்த அம்மாள் செல்லம்மாக்காவிடம் கேட்டார். சின்ன முதலாளி மெல்லிய குரலில் தமிழில் சொன்னார்.

“தரையில கெடந்துச்சு. வெட்டிட்டேன்” என்றார் செல்லம்மாக்கா. “இவ்விய கிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க. உள்ள என்னமோ கெட்டியா இருந்துச்சு. இந்த லாட்டு சரியில்ல. என் கத்தரிக்கோல் மொனையே போச்சு.”

சின்ன முதலாளி முதல் வாக்கியத்தை மட்டும் மொழிபெயர்த்தார்.

அது முதலாளியின் வயர் என்று தெரிந்திருந்தால் வெட்டியிருப்பீர்களா என்று அடுத்த கேள்வி.

செல்லம்மாக்கா சின்ன முதலாளியைப் பார்த்தார், வாலைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். கதை அவருக்குப் புரிந்துகொண்டிருந்தது.

“தரைக்கு என்ன தெரியும், ஆரு வயருன்னு?” என்றார்.

இதை மொழிபெயர்க்கச் சின்ன முதலாளிக்குச் சற்று நேரம் பிடித்தது. கேட்டதும் அந்த அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார். வயரைத் தொட்டியில் போட்டு மூடினார்.

ஹாலை விட்டுப் போகும்போது என் அருகே நின்றார். எந்த இணைப்பில் காட்டினீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். இரண்டும் போட்டிருந்தோம் என்றேன். அது தெரிகிறது, எதில் வேலை செய்தது என்றார்.

“கத்தரித்த பிறகு வயர்லெஸ்ஸில். அதற்கு முன்னால் எதில் என்று எனக்குத் தெரியாது” என்றேன்.

அவர் தலையாட்டினார். நிருபராக இருந்தபோது மேனேஜர்களும் அதிகாரிகளும் சொன்ன பதிலுக்கு நான் அப்படித் தலையாட்டியிருக்கிறேன். நம்புகிறேன் என்று அதற்குப் பொருள். மெச்சுகிறேன் என்று அல்ல.

5. பத்திரம்

ஜெர்மன் அம்மாளைச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டு, சின்ன முதலாளி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பெரிய முதலாளியைத் தேடிப் போனார். ஹால் நடுவில் தகப்பனை நிறுத்தி, ஒரு நம்பர் அடித்தார். வந்தது. இன்னொன்று அடித்தார். மணல் கடிகாரம் வந்து நின்றது.

“ஏமிரா இதி?” என்றார் பெரிய முதலாளி. வீட்டில் பேசும் தெலுங்கு ஹாலில் வந்தால் அவர் ரசிக்கவில்லை என்று பொருள்.

நான் மாடிக்கு ஓடினேன். மேனேஜர் அறையில் சுப்பையா இரும்பு பீரோவைப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் பெட்டி இல்லை. அதன் வயர்கள் மட்டும் பீரோவின் பின்பக்கத் துளைக்குள் போயின.

“அண்ணாச்சி, பெட்டி எங்க?”

“உள்ளதான் இருக்குவே. சிங்கப்பூர்ச் சாமான். ஜன்னலோரம் வெச்சா ஒருத்தன் தோட்டிக் கம்பப் போட்டு இழுத்துருவான். நேத்து மத்தியானமே உள்ள வெச்சுப் பூட்டிட்டேன். லைட்டு எரியுதான்னு நீரு கேட்டப்போ கதவத் தொறந்து பாத்துட்டுத்தான சொன்னேன்?”

“இப்ப செத்த முந்தி?”

“சால்வையும் பால்கோவாவும் உள்ளதான் இருந்துச்சு. காலையில எடுத்தேன். ரெண்டு கையிலயும் சாமான். கதவ அப்பிடியே விட்டுட்டு வந்துட்டேன். இப்பதான் ஞாபகம் வந்து பூட்டுதேன்.”

பத்திரமாக இருக்கிறது என்று அவர் சொன்னது முழு உண்மை. இரும்புக்குள்ளே ரேடியோவை அதைவிடப் பத்திரமாக வைக்க முடியாது. முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு, பீரோக் கதவு திறந்திருந்த அந்த ஒரு காலைப் பொழுதில்தான் எங்கள் தொழிற்சாலையில் வயர்லெஸ் இருந்தது.

அடுத்த மாதம் ஆர்டர் வந்தது. சின்ன முதலாளி சென்னை ஏஜென்டிடம் போனில் பேசிவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

“லேப்டாப்பப் பத்தி ஒரு வார்த்தை இல்ல அண்ணாச்சி. தரை தொட்டா முதலாளி வயரையே வெட்டுற ஆள் இருக்கிற எடத்துல சுத்தத்துக்குத் தனியா ஆள் அனுப்ப வேண்டாம்னு சொல்லிருக்காங்க.”

“ரெண்டாவது ஷிப்ட்டு?”

“ஓடும். அப்பா சொல்லிட்டாரு.”

கம்ப்யூட்டர் வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு இதிலிருந்து நான் சொல்வது ஒன்றுதான். வயரும் வயர்லெஸ்ஸும் சேர்த்து மாட்டியிருந்தால், வேலை நடக்கிறது என்று மகிழாதீர்கள். ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். பிறகு அதை மாட்டிவிட்டு மற்றதைக் கழற்றிப் பாருங்கள். அதுவரை உங்களிடம் இரண்டு இணைப்பு இருக்கிறதா, ஒன்றும் ஒரு நம்பிக்கையும் இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. கழற்றிப் பார்க்க எனக்கு அன்று தைரியம் இல்லை. செல்லம்மாக்காவுக்கு இருந்தது. பெட்டியின் லைட் எரிகிறதா என்று கேட்பதோடு நிற்காமல், பெட்டி எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள்.

ஆர்டர் வந்த செய்தி ஹாலுக்குப் போன சற்று நேரத்தில் செல்லம்மாக்கா சின்ன முதலாளி அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே நாங்கள் பழைய மூன்று பேரும் இருந்தோம்.

“அன்னைக்கு அந்த பேண்டேஜ தரையில போட்டது ஆரு?”

சின்ன முதலாளி என்னைப் பார்த்தார். நான் சுப்பையாவைப் பார்த்தேன். சுப்பையா ஜன்னலைப் பார்த்தார்.

“சுத்துனது நான். போட்டது இவரு. சொன்னது அவரு” என்றார் கடைசியில் சுப்பையா.

“அப்ப மூணு பேரும். நாளைக்கு வடை.”

“எந்த மேசைக்கு அக்கா?” என்றார் சின்ன முதலாளி.

“சுவர் நெடுக எல்லா மேசை பக்கமும்தான கெடந்துச்சு. எல்லா மேசைக்கும்.” போகத் திரும்பியவர் வாசலில் நின்றார். “ரெண்டு ஷிப்ட்டுக்கும்.”